மேனுவலில் ஓடிய மூன்றாம் மாடி

அந்த அலுவலகக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் ‘கிராஃப் அக்கா’. எந்த மாடி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கணினித் திரையில் ஓடும் கோடுகளைக் கவனிப்பதுதான் அவள் வேலை. கோடு ஏறினால் அவள் நெஞ்சும் படபடக்கும்.

“கனவுலயும் கோடுதானா அக்கா?” என்று வாசல் காவலாளி கேலி செய்வார். அவள் சிரித்து வைப்பாள்.

இந்தத் திங்கட்கிழமை சிரிப்பு வரவில்லை. விடுமுறையில் ஆளே இல்லாத மூன்றாம் மாடியில் ஏசி இரவு பகலாக ஓடியிருந்தது. திரையில் ‘மேனுவல்’ என்று காட்டியது. தானாக நிற்க வேண்டிய இயந்திரத்தை யாரோ நிற்கவிடாமல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காரணமில்லாமல் ஏறிய ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆளின் பெயரைக் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும் என்பது மேலாளரின் புது உத்தரவு.

யார் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் மாடி ஏசி மெக்கானிக் அவளுடைய கொழுந்தன்தான். கெஞ்சிக் கூத்தாடி அவனை வேலையில் சேர்த்ததே அவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவன் மனைவிக்கு நிறைமாதம். சொன்னால் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் முகத்தில் எப்படி விழிப்பது?

“மூணாவது மாடி என்னாச்சு?” கூட்டத்தில் மேலாளர் கேட்டார். அவள் கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

“மீட்டர் உளறுது சார்,” என்றார் எலக்ட்ரீஷியன்.

“அப்ப கழட்டி வீசிடலாமே! இந்தத் திரையை எதுக்கு வச்சிருக்கோம், வேடிக்கை பாக்கவா?”

மீட்டர் ஒருமுறை பொய்யென்று பேர் வாங்கிவிட்டால் பிறகு யார் அந்தக் கோடுகளை நம்புவார்கள்? அவளுக்குத்தான் அங்கே என்ன வேலை?

“மீட்டர் சரியாத்தான் இருக்கு சார்,” என்றாள். குரல் யாருடையதோ போல ஒலித்தது. “மேனுவல்ல போட்டது... என் கொழுந்தன்.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மெல்ல எழுந்து நின்றான்.

“ஏன்ப்பா, யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணலையா?” என்றார் மேலாளர்.

அவன் வாயைத் திறந்தான். அண்ணியைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“தப்புதான் சார்.”

“அப்ப நாளையிலேருந்து வர வேண்டாம்.”

கொழுந்தன் பார்த்த அந்தப் பார்வை ஊசியாய்த் தைத்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்று நினைவு வந்தது. வியாழக்கிழமை, வீட்டில், சாப்பிட்ட தட்டோடு எழுந்தவன் சொல்லியிருந்தான்: “மூணாவது மாடியில புழுக்கம்னு கத்துனாங்க அண்ணி, மேனுவல்ல போட்டிருக்கேன். நாளைக்கு நான் இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நீங்க சாயங்காலம் திரையிலேயே, தானா நிக்கிற மாதிரி ஆட்டோவுக்கு மாத்திடுங்க.” குக்கர் அலறிக்கொண்டிருந்தது. “சரிப்பா” என்றிருந்தாள். அலுவலகத்துச் சேதியைச் சோற்றுத் தட்டோடு முடித்துக்கொள்வது இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

“சார்!” அவள் கத்தியே விட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “அவன் சொன்னான் சார். வீட்ல, குக்கர் சத்தத்துக்கு நடுவுல என்கிட்டதான் சொன்னான். மறந்தவ நான். அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க.”

“உக்காருங்க அண்ணி,” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ரெண்டு பேரையும் அனுப்பிட்டா மெஷினை நானா நிறுத்துறது? எனக்கு என் ரூம் ஃபேன் சுவிட்சே எதுன்னு தெரியாது.” சிரிக்க யாருக்கும் துணிவில்லை. “இனிமே மேனுவல்ல போடுறவன், எப்ப ஆட்டோவுக்குத் திரும்பணும்னு திரையிலயே நேரம் வச்சிட்டுத்தான் நகரணும். உங்க குக்கர்கிட்ட சொன்னாப் போதாது. கூட்டத்துல பேரும் வேண்டாம், என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க.”

வெளியே வராந்தாவில் அவள் அவனை எட்டிப் பிடித்தாள்.

“அங்கயே சொல்லியிருக்கலாமே தம்பி?”

“அத்தனை பேர் முன்னாடி உங்களை எப்படி அண்ணி காட்டிக் குடுப்பேன்?”

அவள் காட்டிக்கொடுத்திருந்தாள்.

“கோவமாப்பா?”

“விடுங்க அண்ணி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினான். முகத்தைப் பார்க்கவில்லை. வேலை தப்பியது. ஆனால் இன்றைக்கு இலேசாகக்கூடத் திரும்பிப் பார்க்காத அந்தப் பிள்ளைக்கு ராத்திரி எப்படிச் சோறு போடுவது என்று தெரியாமல், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள்.