துவைக்காமல் வைத்த கறை

பெரில் ஹாகர்ட்டி முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தமோ, சீழோ, அயோடினோ, எந்தக் கறையும் அவள் கையிலிருந்து தப்பியதில்லை. ராட்சத டிரையர்களின் அனலில் பாதி ஆயுள் வெந்தவள், ஓய்வு பெற்ற அன்றே சொல்லிவிட்டாள்: இனி என் துணியை வெயிலும் காற்றும் மட்டும்தான் உலர்த்தும்.

கடலோர ஊரான ஜீலாங்கில் அவள் குடியிருந்தது பதினான்கு வீட்டுக் கட்டடம். பின்முற்றத்தில் குடை மாதிரி விரிந்து சுழலும் துணிக்கொடி. துணியைப் பச்சைத் தண்ணீரில் துவைப்பாள். அலசிய தண்ணீர் வாளியில் எலுமிச்சை மரத்துக்குப் போகும். மீதியை வளைகுடாக் காற்று பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்திலும் அப்படித்தான். அவளைப் பார்த்து மற்ற வீட்டாரும் கொடிக்கு வர ஆரம்பித்தார்கள்.

குடியிருப்புச் சங்கத் தலைவன் கிளைவ் பென்ரோஸுக்கு அந்த இடத்தின் மேல் கண். அவனிடம் படகு இருந்தது, நிறுத்த இடமில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெரில் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்துக் கொடியை அடியோடு அறுத்தான், அவள் துணி தொங்கும்போதே. அவள் திரும்பியபோது படுக்கை விரிப்பு சேற்றில் கிடந்தது. கொடி நின்ற இடத்தில் படகு.

"துணி தொங்குனா கட்டடத்துக்கு மதிப்பு போகுது பெரில். அதான் கீழ டிரையர் போட்டிருக்கோம்ல? கூட்டத்துல முடிவு பண்ணினது."

"எந்தக் கூட்டத்துல?"

"போன வருஷம். நீ வரல. வராதவங்க சம்மதிச்ச மாதிரிதான்."

பெரில் சேற்று விரிப்பை எடுத்துப்போய்க் காயவைத்து, துவைக்காமல் மடித்து, அலமாரியில் வைத்தாள்.

கிளைவின் சூழ்ச்சி எளிமையானது. வருடாந்தரக் கூட்டத்தை எப்போதும் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் வைப்பான். கால்பந்து இறுதிப்போட்டி நாள். அன்று வீடு பற்றி எரிந்தாலும் அந்த ஊர்க்காரன் இடைவேளையில்தான் தண்ணீர் ஊற்றுவான். கூட்டத்துக்கு வருவது கிளைவ், அவன் மைத்துனன், மைத்துனனின் நண்பன். மூன்று கை தூக்கினால் சட்டம்.

அந்த வருடம் இறுதிப்போட்டிக்கு ஊர் அணியே வந்துவிட்டது. பெரில் மாடியில் இருந்த டாக்சி டிரைவர் ஸ்லாவ்கோவின் கதவைத் தட்டினாள்.

"சனிக்கிழமை கார் ஷெட்டுக்கு வா. சங்கக் கூட்டம்."

"பைத்தியமா உனக்கு? அன்னிக்கு ஃபைனல்!"

"என் டிவியைக் கீழ இறக்கிக் குடு. சாசேஜ் நான் சுடறேன்."

"சாஸ் இருக்கா?"

"ரெண்டு பாட்டில்."

"அப்ப டிவி இறங்கிருச்சுன்னு வச்சுக்க."

இப்படியே கதவு கதவாகப் போனாள். சனிக்கிழமை பதினோரு வீட்டார் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்கள். ஃபைலும் கையுமாக வந்த கிளைவ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது கூட்டமா, சாராயக்கடையா?"

"ரெண்டும்தான். உக்காரு, மறைக்காத," என்றான் ஸ்லாவ்கோ.

இடைவேளைச் சங்கு ஊதியது. பெரில் டிவியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இருபது நிமிஷம் இருக்கு. படகு நிக்கிற இடத்துல கொடி திரும்ப வரணும். தலைவர் மாறணும். கை தூக்குங்க."

"அதெல்லாம் நோட்டீஸ்லயே இல்ல!" கிளைவ் கத்தினான்.

"'இதர விஷயங்கள்'னு நீயே போட்டிருக்கியே. போன வருஷம் கொடிய அறுக்கறதுன்னு அதுலதானே முடிவு பண்ணின?"

"பெரில், முதல்ல டிவியப் போடு!" நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

"முதல்ல கை."

பதினோரு கை எழுந்தது. பெரில் ஒவ்வொன்றாக, நிதானமாக, இரண்டு தடவை எண்ணினாள். கிளைவின் முகத்தைப் பார்த்தபடியே எண்ணினாள்.

படகு தெருவுக்குப் போனது. கடல்காக்கைகள் அதன் மேல் எச்சமிட்டுப் பழகிக்கொண்டன. புதுக்கொடி நட்ட முதல் திங்கட்கிழமை, பெரில் அந்தச் சேற்று விரிப்பைக் கொண்டுவந்து, கிளைவின் சமையலறை ஜன்னலுக்கு நேராக விரித்துப் போட்டாள். அடுத்த திங்களும் அதே விரிப்பு. அதற்கடுத்த திங்களும்.

நாலாவது வாரம் ஜன்னல் திறந்தது.

"அந்தக் கறை போகவே போகாதா, பெரில்?"

"போகும். அரைமணி நேர வேலை."

இன்னும் இரண்டு கிளிப் மாட்டினாள்.