சப்பரத்துக்கு வாங்கிய சுவிட்ச்

நீ பொய் சொன்னாய். சுவிட்சை வாங்கியது நீ. பழியை என் தலையில் போட்டதும் நீ.

படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இவன் என் மாமன் மகன். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா அறைகள். லயத்துக்குக் கரண்ட் வராத காலம் அது.

நம் இருவருக்கும் லைட் பைத்தியம். லொறி பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட் பல்புகளும் கிடைத்தால் சோறு வேண்டாம். வெசாக் பண்டிகைக்குக் கடைவீதியில் காகித விளக்குக் கூடு கட்டினோம். திருவிழாவுக்கு அம்மன் சப்பரத்தில் வெளிச்சம் போட்டோம். நீ பேப்பர் ஒட்டுவாய், நான் வயர் இழுப்பேன். வாய் ஓயாமல் பேசுவாய். அந்தப் பேச்சு இல்லாமல் இன்று ஒரு வயரைக்கூட நிம்மதியாக முறுக்க முடியவில்லை.

நம் தோட்டத்தில் ஒரு வழக்கம். சாமி ஒவ்வொரு லயத்தின் முன்னும் நிற்கும்போது பல்புகளை அணைக்க வேண்டும். கற்பூர வெளிச்சத்தில்தான் அம்மன் முகம் பார்ப்பார்கள். ஆரத்தி முடிந்ததும் எல்லாம் ஒன்றாக எரிய வேண்டும். எல்லாப் பாரமும் சுவிட்சின் மேல்.

அந்த வருடம் ஐந்து வாட் பல்பு இருபத்துநாலு. மொத்தம் பத்து அம்பியர் இழுக்கும். கராஜில் பழைய லொறியின் ஹெட்லைட் சுவிட்ச் ஒன்று பார்த்து வைத்திருந்தேன். பேட்டரி கரண்டுக்கென்றே செய்தது, இருபது அம்பியர் தாங்கும். நீயோ வீட்டுச் சுவரில் மாட்டும் வெள்ளைச் சுவிட்சோடு வந்தாய். முதுகில் 250 வோல்ட், மூன்று அம்பியர் என்றிருந்தது.

“எரநூத்தம்பது வோல்ட்டையே தாங்குது மச்சான். பன்னெண்டெல்லாம் இதுக்குத் தூசு.”

“வோல்ட்ட விடு, அம்பியரப் பாரு. பேட்டரி கரண்ட அணைக்கிறப்ப உள்ள நெருப்பு இழுக்கும். தகடு ரெண்டும் ஒட்டிக்கும்.”

“அதுக்கு? கிரீஸு அப்புன லொறி சாமான அம்மன் பக்கத்துல வைக்கவா? பயந்தாங்கொள்ளி.”

நான் மாட்ட மாட்டேன் என்றேன். நீயே மாட்டினாய்.

மூன்றாவது லயத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டித் தட்டிப் பார்த்தாய், பல்புகள் அணையவில்லை. பூசாரி கற்பூரத் தட்டோடு காத்து நின்றார். பிளாஸ்டிக் உருகி நாறியது. நான் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். மற்ற லயங்களுக்குச் சாமி பெட்ரோமாக்ஸோடு போனது.

யார் வேலை இது என்று கோயில் தலைவர் கேட்டார். நீ என்னைக் காட்டினாய்.

“வயர் வேலையெல்லாம் இவன்தாங்க.”

அடுத்த வாரம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு யாரும் என்னைச் சப்பரத்தைத் தொட விடவில்லை. இப்போது லயத்தில் கரண்ட் இருக்கிறது, திருவிழாவுக்கு வாடகை லைட் வருகிறது. கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் உன் இடம் காலியாகவே இருக்கிறது. உன்னைத் திட்டக்கூட நீ இங்கே இல்லை.

போனில் மன்னிப்புக் கேட்டாய். என் காதுக்கு மட்டும் சொன்னதை வைத்து நான் என்ன செய்வது? வருகிற திருவிழாவுக்கு வா. சாமி தூக்குமுன், தோட்டம் மொத்தமும் நிற்கும்போது, கோயில் மைக்கில் சொல்: அந்தச் சுவிட்சைத் தெரிந்தெடுத்தது யார்?