சுவரில் ஸ்ரீமதி

லோகநாயகிக்கு ஐம்பத்து மூன்று வயதில் கால் உடைந்தது. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் புடவை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவள், ஓர் ஆடி மாத மதியம் கை கொள்ளாத புடவைக் கட்டோடு மாடிப்படியில் உருண்டாள். தொடை எலும்பில் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. தம்பி ராஜவேல் கார் பிடித்து வந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். ஹாலில் சுவரோரமாக ஒரு கட்டில் போட்டான். பிறகு சிப்காட்டில் தன் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

வீட்டில் மிஞ்சியது ராஜவேலின் மனைவி ஸ்ரீமதி.

இருவருக்கும் ஆகாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாண மண்டபத்தில், மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த ஸ்ரீமதியின் கூறைப்புடவை ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, “இது செகண்ட்ஸ் சரக்காச்சே” என்று நாலு பேர் காதுபடச் சொன்னவள் லோகநாயகி. சொன்னது உண்மைதான்; நெசவில் பழுது இருந்ததால் விலை குறைத்து விற்ற புடவை அது. அந்தப் புடவையை வாங்கி வந்த ஸ்ரீமதியின் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

முதல் வாரம் ஸ்ரீமதி பல்லைக் கடித்துக்கொண்டு சோறு போட்டாள். இரண்டாவது வாரம் டிவி ரிமோட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

“நாள் பூரா டிவி போட்டா தலை வலிக்குது அண்ணி. சும்மா கெடந்தா மூளை துருப்புடிச்சிடும்னு போன் வீடியோல சொல்றாங்க. இந்தாங்க, ஒயர் கூடை போடுங்க” என்று இரண்டு கட்டு பச்சை ஒயரைக் கட்டிலில் எறிந்தாள்.

“எனக்குக் கூடை எதுக்கு? நடந்து மார்க்கெட்டுக்கா போவப்போறேன்?”

“பொழுது போவணும்ல.”

பொழுது போவதற்கல்ல, தன் வாயை மூடி வைப்பதற்கு என்று லோகநாயகிக்குத் தெரியும். வேண்டுமென்றே வாய் கோணிய ஒரு கூடையைப் பின்னி, சோற்றுத் தட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து எம்பிராய்டரி வளையம் வந்தது. அதில் ஊசியைக் குத்தி அப்படியே விட்டாள். களிமண் வந்தது. அது காய்ந்து கல்லாகும்வரை தொடவில்லை.

கடைசியில் அவளாக எடுத்தது ஒரு டைரி. ராஜவேலுக்குக் கம்பெனியில் கொடுத்தது; ஒரு பக்கம்கூட எழுதாமல் கட்டிலை ஒட்டிய ஜன்னல் திட்டில் கிடந்தது. பேனாவால் அதில் ஒரு முகம் போட்டாள். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, “அப்பறமா வரோம்” என்று எழுந்து போகிற கிராக்கியின் முகம். பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்ததோடு சரி, அதற்குப் பிறகு அவள் எதுவும் வரைந்ததில்லை. ஆனால் முகம் பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. யார் வாங்குவாள், யார் வாங்கமாட்டாள் என்பதைக் கடை வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவாள். கோடு கோணலாக வந்தாலும், அந்தப் பொம்பளையின் திமிர் தாளில் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. லோகநாயகிக்கே உடம்பு சிலிர்த்தது.

முதலாளியை வரைந்தாள். தள்ளுபடி கேட்டு மூக்கால் அழுபவர்களை வரைந்தாள். அவர்கள் தீர்ந்த பிறகு ஸ்ரீமதியை ஆரம்பித்தாள். காபி டம்ளரை ணங்கென்று வைக்கும் ஸ்ரீமதி. மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்பேனைத் தூக்கும் ஸ்ரீமதி. பெருக்கும் சாக்கில், லோகநாயகி ஒற்றைக் காலில் எழுந்து நிற்க வாங்கிய வாக்கரை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கூப்பிட்டாலும் காது கேளாதவள்போல் நிற்கும் ஸ்ரீமதி. மூன்றாவதில் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அது நிஜமாகவே இருந்த சிரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் டைரியைப் புரட்டினான். வாக்கர் படத்தில் அவன் கை நின்றது. ஃப்ரிட்ஜைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“இன்னா இது, ஸ்ரீமதி?”

அவள் டைரியைப் பிடுங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். முகம் வெளுத்துச் சிவந்தது.

“எங்க வூட்டு சோத்தத் துன்னுட்டு என்னையே கேலியா போட்டு வச்சிருக்கீங்களா?”

“நீ செஞ்சதத்தான் போட்டிருக்கேன். ஒண்ணாவது பொய்யின்னு சொல்லு.”

 ஸ்ரீமதி டைரியைத் தண்ணீர் வாளியில் முக்கினாள். மை கரைந்து வாளி நீலமாகும்வரை அழுத்திப் பிடித்திருந்தாள். ராஜவேல், “விடுங்க, ரெண்டு பேரும் விடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வீட்டிலிருந்த பேனா, பென்சில் எல்லாம் அன்றே பீரோவுக்குப் போயின.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஸ்ரீமதியின் அண்ணன் பொன்னுரங்கம் பண்ருட்டியிலிருந்து குடும்பத்தோடு வருவதாக இருந்தது. காலையிலிருந்து அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்ட கரித்துண்டுகள் தட்டோடு கட்டிலுக்கருகில் ஆறிக் கிடந்தன. லோகநாயகி ஒன்றை எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே, புதிதாகச் சந்தன நிறம் அடித்திருந்த சுவரில், கை எட்டும் உயரத்துக்கு ஸ்ரீமதியைப் போட்டாள். சுருங்கிய புருவம், விடைத்த மூக்கு, வாக்கரின் மேல் ஒரு கை.

பொன்னுரங்கம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டான். பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“அடேங்கப்பா, அச்சு அசல் நம்ம ஸ்ரீமதி! சண்டைக்கு நிக்கும்போது இப்டிதான் மூக்கு வெடைக்கும்!”

அவன் பெண்டாட்டி செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். கையில் வடைத் தட்டோடு வந்த ஸ்ரீமதி, சுவரையும் சிரிக்கிற அண்ணனையும் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது ஹால்வரை கேட்டது. லோகநாயகி இரண்டு வடை சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்ரீமதி பையைக் கட்டிக் கட்டிலில் வைத்தாள்.

“கார் வருது. கெளம்புங்க.”

“இன்னும் மூணு வாரம் இருக்குது, டாக்டரு சொன்னது.”

“செகண்ட்ஸ் சரக்குகிட்ட நீங்க ஏன் இருக்கணும்?”

இத்தனை வருஷம் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. லோகநாயகிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மன்னிப்பு என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. ராஜவேல் அக்காவைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினான்.

சிதம்பரத்தில் தன் ஒற்றை அறைக்குத் திரும்பினாள். மாடி வீட்டுக்காரி சோறு கொடுத்தாள். கால் கூடிய பிறகும் லேசாக விந்தியது. நின்று வேலை பார்க்க முடியாதவள் வேண்டாமென்று கடையில் சொல்லிவிட்டார்கள். வீட்டோடு கிடந்தவள் நோட்டு நோட்டாக வாங்கி வரைந்தாள். மாடி வீட்டுக்காரி, பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று யாரையும் விடவில்லை. எல்லாம் முகம்போல இருந்தன, ஆனால் ஒன்றிலும் உயிர் இல்லை. தம்பி வீட்டு ஹாலில் கை தானாக ஓடியதற்கு எது காரணம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

தை மாதம் ஒருநாள் தம்பிக்கு வீடியோ கால் போட்டாள். “ஸ்ரீமதிகிட்டக் குடு” என்றாள்.

அவன் பயந்துகொண்டே கொடுத்தான். திரையில் ஸ்ரீமதியின் முகம் வந்தது.

“இன்னா வேணும்?”

“ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் அப்டியே நில்லு.”

ஸ்ரீமதிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புருவம் சுருங்கியது, மூக்கு விடைத்தது. “தூ!” என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

லோகநாயகி மடியிலிருந்த நோட்டைப் பிரித்து, வேக வேகமாகக் கோடு இழுக்க ஆரம்பித்தாள்.