டீயில் வெந்த கிருமி

அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நான் தாய்மாமன். திருவிடந்தைக் கோயிலில் தாலி கட்டும்வரை மணமேடையை விட்டு நகர முடியாது.

டாக்டர் உப்புச்சர்க்கரைத் தண்ணீரும் ஏதோ பொடி பாக்கெட்டுகளும் எழுதிக் கொடுத்தார். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு எல்லாமே டீக்கடையில்தான். மூன்று வேளையும் பொடியைக் கொதிக்கிற டீயில் கொட்டிக் குடித்தேன். போக்கு நிற்கவில்லை.

மறுநாள் காலையில் மெடிக்கல் கடைப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னாத்துல கலந்த அண்ணாத்த?"

"டீலதான். சுடச்சுட."

"போச்சு போ. அத்தினியும் உயிரோட கீற கிருமி. வேக வச்சிட்டியே!"

"கிருமி செத்தா நல்லதுதானம்மா?"

"இது நல்ல கிருமி. கெட்ட கிருமிய அண்ட வுடாது. உன் வயித்துக்குக் காவலு. ஆறுன தண்ணில கலக்கு."

அப்படியே செய்தேன். சாயந்திரம் போக்கு குறைந்தது. அக்கா வந்து முறைத்தாள்.

"நாளிக்கி மேடைல நிப்பியாடா?"

"நிப்பேன்."

நின்றேன். போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் வாயை இறுக்கி நிற்கிறேன். வயிறு அடங்கித்தான் இருந்தது. ஆனாலும் சிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.