சீசனுக்கு வந்தவள்

இந்த ஊரில் சாகப்போகிறவர்கள் காலைச் சாப்பாட்டின்போதே அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு ஹாஸ்பிஸில், அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் விடுதியில், நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், ரொட்டியில் மார்மலேட் தடவிக்கொண்டே, "கிறிஸ்துமஸுக்கு நான் இருக்கமாட்டேன், இல்லையா?" என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி, "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுவீர்கள்" என்றேன். அவர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டார். இந்தப் பெண்ணுக்கு என் விஷயம் தெரியவில்லை, தெரிந்தவர் யாரையாவது அனுப்புங்கள் என்றார். நான் ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். அவர் என்னை வேலை தெரியாதவள் என்று நினைத்தார். சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து, இங்கே பொய் சொல்லக்கூடாது, பதில் தெரியாவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார் என்றாள். பயிற்சியில் பாதி அதுதான். மீதிப் பாதி, வலி வரும்வரை காத்திராமல் வேளை தவறாமல் கொடுக்கும் மார்ஃபின் மருந்து.

இதைப் படிக்கும் தென்காசிக்காரர்கள் முகம் சுளிப்பீர்கள். ஏற்கெனவே சுளித்தும் இருக்கிறீர்கள். முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, என்ன படிக்கிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாக விளக்கம் சொன்னேன். ஒரு வாரத்தில் தெருவே மாறிப்போயிற்று. பக்கவாதத்தில் கிடந்த எதிர்வீட்டு அண்ணாச்சியைப் பார்க்கப் போனால், அவர் மருமகள் வாசலிலேயே மறித்து, "மாமா இப்பந்தான் கண்ணசந்தாவ, பொறவு வாங்க" என்றாள். உள்ளேயிருந்து அவர் இருமுவது நன்றாகக் கேட்டது. நான் ஒரு வீட்டுப் படியேறினால் அங்கே ஆள் பிழைக்காது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, என் கூடப்பிறந்த கோமதி அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று தகவல் வந்தது. கிடைத்த லீவில் ஓடிவந்தேன். ரயிலடிக்கு வந்திருந்த அத்தான் என் பெட்டியை வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"உங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அல்சர்னு சொல்லிருக்கோம். நீ சீசனுக்குக் குளிக்க வந்திருக்கேன்னு சொல்லிருக்கு. அங்கன பிரசவ வார்டுக்கு மாறிட்டேன்னும் சொல்லிருக்கு. நீ பக்கத்துல உக்காந்து பாத்தேன்னா அவளுக்கு வெளங்கிரும். விட்டுரும்மா."

அவரும் மெலிந்து போயிருந்தார். சண்டை போட மனசு வரவில்லை. அம்மாவிடம் அழுதுபார்த்தேன். "அவ உசுர நீயே எடுத்துராதட்டி" என்றாள் அம்மா.

அதனால் தினமும் காலையில் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனேன். சீசனுக்கு வந்தவள் குளிக்காமல் இருந்தால் அக்கா சந்தேகப்படுவாளாம். அந்த வருஷம் சாரல் விடாமல் பெய்தது. எண்ணெய் தேய்த்த கூட்டம், மிளகாய் பஜ்ஜி, பொம்பளைகள் பக்கத்து இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் தலையைக் கொடுத்து நிற்பேன். அருவிச் சத்தத்தில் ஓவென்று அழலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிறகு ஈரத் தலையோடு வந்து, அக்கா படுத்திருந்த அறையின் நிலைப்படியில் நின்று முகத்தைக் காட்டவேண்டும். அவ்வளவுதான் எனக்கு அனுமதி. பக்கத்தில் அத்தான் நிற்பார்.

"தண்ணி எப்படி விழுதுட்டி?" என்பாள் அக்கா.

"அஞ்சுலயும் நல்லா விழுதுக்கா."

அவள் உதடு வெடித்திருந்தது. வலியில் கால்களை வயிற்றோடு மடக்கிக் கிடந்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் கொஞ்சம் இளகும். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்தால் நன்றாகப் பேசுவாள். முன்பின் தெரியாத எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்கு நான் செய்துகொடுத்த சின்ன வேலைகள் இவை. மார்ஃபின் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டதற்கு, "அதுக்கு இங்க எங்கம்மா போறது?" என்று கையை விரித்தார். எப்போதோ போடும் ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கியது. மற்ற நேரமெல்லாம் அவள் முனகுவதை நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டேன்.

ஒருநாள் அவளே கேட்டாள்: "ஏட்டி, உன் ஆஸ்பத்திரியில வலிக்குதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார். "அவ புள்ள பெறுதவளுகள பாக்கா. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துதான் கேட்டாளோ என்னவோ.

அவள் போனபோது நான் அருவியில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் செருப்புகள். சித்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "எங்கட்டி போன? வா, அக்காவைக் குளிப்பாட்டணும். உனக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியுமே."

அத்தான் ஒதுங்கி வழிவிட்டார். ஊருக்கு வந்தபின் முதன்முறையாக அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனேன். அக்காவின் கால்கள் இன்னும் மடங்கியே இருந்தன. மெல்ல நீட்டிவிட்டேன். இறந்தவரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். அவள் தோளில் கை வைத்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "ஐ ஆம் கோயிங் டு டர்ன் யூ நவ், மை லவ்." உடனே அதைத் தமிழில் சொல்லப் பார்த்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வேலைக்கான பேச்சை யாரும் எனக்குத் தமிழில் சொல்லித்தரவில்லை. மறுபடியும் ஆங்கிலத்திலேயே, அவளுக்குப் புரியாத பாஷையிலேயே, முகம் துடைக்கிறேன், கையைத் தூக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"என்ன சொல்லுதா இவ?" என்றாள் சித்தி.

"அது அவ ஊருப் பேச்சு, விடு" என்றாள் அம்மா.