டிவியில் பிழைத்த அப்பா

ராயபுரத்தில் பழைய பேப்பர் கடையைத் தாண்டும்போது ஈரக் காகித வாடை அடித்தது. திருவொற்றியூரில் கடல் தின்றுவிட்ட எங்கள் சந்து அப்படியே மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்ன வயதில் நான் முகமூடி வீரனை டிவியில் மட்டுமே பார்த்துவிட்டு, துண்டை முதுகில் கட்டிப் பறக்கப் போய்ச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, மீன்வாடை ஏறிய காமிக்ஸ் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் தினமும் சாயங்காலம் திருத்துவாள்: முகமூடி சிவப்பில்லை, பச்சை, அவனுக்குப் பறக்கவே தெரியாது, எல்லாவற்றுக்கும் மேலாக, வீரனின் அப்பா போகும் கப்பல் மூழ்கும் இடம்.

“புக்குல அவன் போறதுக்குள்ள அவங்க நைனா செத்துடுவாருடா. உன் டிவிக்காரன் பயந்துகினு காப்பாத்திட்டான்.”

எல்லா வாதத்திலும் நான் தோற்றேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி.

ஒரு புயலுக்குப் பிறகு அவள் அப்பாவின் படகு திரும்பவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், அலை தொட ஆரம்பித்திருந்த எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“டிவில அவங்க நைனாவ எப்டிடா காப்பாத்துனான், சொல்லு.”

அவன் பறந்து போனதையும், ஒற்றைக் கையால் அவரைத் தூக்கியதையும், மறந்துபோன இடங்களில் சொந்தச் சரக்கையும் சேர்த்து, இருட்டும்வரை சொன்னேன். வழக்கம்போல முகமூடியைச் சிவப்பு என்றேன்.

அவள் திருத்தவில்லை.