பதினைந்து நிமிடம் முந்திய வீடு

2025 ஜூன் 18, புதன்கிழமை. காலை மணி பத்து. என் வீட்டுக் கடிகாரத்தில் பத்தே கால். பெரம்பலூருக்கு மேலே மேகம் நின்றது, மழை இல்லை. மேல்காற்று மட்டும் தெருப் புழுதியை அள்ளிவந்து ஜன்னலின் ஒன்பது கம்பிகளிலும் அப்பிக்கொண்டிருந்தது.

அன்று பத்து மணிக்குக் காசி யாத்திரையின் முன்பதிவு திறந்தது. திருச்சியிலிருந்து ரயிலில் கூட்டிப்போகும் ஏற்பாடு, பதினோரு நாள், நாற்பது இடம். இணையதளத்தில் மட்டும்தான் பதிவு. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் என் மனைவி வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். அரியலூரில் இருக்கும் அவள் தங்கையோடு பேசி, இரண்டு தம்பதியும் சேர்ந்து போவதென்று வைகாசியிலேயே முடிவு செய்திருந்தாள்.

தங்கையின் கணவன், அதாவது என் சகலை, ஒரு சிமெண்ட் ஆலையின் டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிட ஆறு வயது இளையவன். தலையில் முடி அப்படியே இருக்கிறது. பத்து ஏழுக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, எங்களுக்கு ரெண்டும் போட்டாச்சு. நாலு நிமிசம்தான் ஆச்சு. உங்களுக்கு?”

“நடந்துகிட்டிருக்கு” என்றேன்.

நடக்கவில்லை. பெயரையும் ரகசிய எண்ணையும் தட்டி உள்ளே போனதுமே, ‘உங்களுக்கான பத்து நிமிடம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்’ என்று வெளியே தள்ளியது. நான் ஒரு எழுத்துகூட நிரப்பவில்லை. பதினொரு முறை உள்ளே போனேன், பதினொரு முறையும் தள்ளியது. பக்கத்தைப் புதுப்பித்தேன். கணினியை அணைத்து நூறு எண்ணிவிட்டுப் போட்டேன். இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு உலாவியில் முயன்றேன். கடைசியில் குக்கீகளையும் சேமித்துவைத்த கடவுச்சொற்களையும் மொத்தமாக அழித்தேன். அதனால் மின்கட்டணப் பக்கமும் என்னை மறந்ததுதான் மிச்சம். பக்கத்தின் மூலையில் மீதி இடங்கள் சிவப்பில் தெரிந்தன. முதலில் முப்பத்தாறு. பதினொன்றரைக்கு இருபத்திரண்டு.

“தம்பி நாலு நிமிசத்துல போட்டுட்டாராமே” என்றாள் மனைவி. அவனைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு குளிர்ச்சி வரும். முப்பத்தேழு வருடமாகக் கவனித்துவருகிறேன்.

“அவன் வாங்குன போன் அப்படி.”

“நீங்களும் ஒண்ணு வாங்குறதுதானே?”

என்னிடம் இருப்பது பட்டன் போன்.

பன்னிரண்டுக்கு அவள் தங்கை கூப்பிட்டாள். “மாமா, உங்க ரெண்டு பேருக்கும் இவரே போட்டுடட்டுமா? விவரம் மட்டும் சொல்லுங்க.”

“என் வூட்டுக்கு நான் போட்டுக்குவேன்” என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

இரண்டரைக்கு வாசலில் செருப்புச் சத்தம். சகலை. போனை எடுக்காததால் பஸ் ஏறி வந்துவிட்டானாம். கையில் ஜெயங்கொண்டத்து முந்திரி அரைக் கிலோ. என் மனைவி அவனுக்குப் போட்ட டீயில் ஏலக்காய் மணத்தது. என் டம்ளரை முகர்ந்து பார்த்தேன். இல்லை.

“தள்ளுங்கண்ணே, பாக்குறேன்.”

“நீ டீயைக் குடி.”

அப்போது மீதி ஐந்து. அவன் தன் போனை எடுத்தான். “இதுலயே போட்டுடலாம்ணே, ரெண்டு நிமிசம்.”

“இதுலதான் போடணும். இது என்னோடது.”

அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பன்னிரண்டாம் முறை முயன்றேன், பிறகு பதின்மூன்றாம் முறை. மீதி மூன்று.

“ஏங்க, எந்திரிங்க” என்றாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அந்தத் தொனியில் அவள் பேசியதில்லை. எழுந்தேன்.

அவன் உட்காரக்கூட இல்லை. திரையின் கீழ் மூலையைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

“அண்ணே, இந்த வூட்ல எல்லாமே கால் மணி முந்தி ஓடுது.”

ஓடும்தான். முப்பத்திநாலு வருடம் நான் நில அளவை செய்தவன். வேலைக்கு அரியலூர் போகும் முதல் பஸ்ஸை ஒருநாள்கூட விட்டதில்லை. கூடம், சமையலறை, படுக்கையறை, கைக்கடிகாரம் நான்கையும் பதினைந்து நிமிடம் முந்தி வைத்ததுதான் காரணம். கணினி மட்டும் தன் இஷ்டத்துக்கு வேறு மணி காட்டியது. ஒரு வீட்டில் இரண்டு மணி இருப்பது எனக்குப் பொறுக்காது. தானாக நேரம் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, அதையும் கூடத்துக் கடிகாரத்தோடு சேர்த்தேன்.

“சைட்டு நமக்குப் பத்து நிமிசம் குடுக்குது” என்றான். “அது தீர்ந்துச்சான்னு உங்க மெஷின் மணியைத்தான் கேக்குது. உங்க மணி கால் மணி முந்தி. அப்ப உள்ள வர்றதுக்கு முன்னாடியே தீர்ந்துபோச்சுன்னுதானே சொல்லும்? எங்க ஆலையில கார்டு அடிக்கிற மிஷின் ஒரு நிமிசம் தப்புனாலும் கேட்டுல சண்டை வந்துடும்ணே. அந்தப் பழக்கம், முதல்ல மணியைத்தான் பாப்பேன்.”

சொல்லிக்கொண்டே அணைத்திருந்ததை மீண்டும் போட்டான். மணி பதினைந்து நிமிடம் பின்னால் குதித்தது. பதினான்காம் முறை உள்ளே போனோம், தள்ளவில்லை. கட்டங்கள் அமைதியாகக் காத்திருந்தன. மீதி ஒன்று.

மூன்று பேரும் அந்த ஒன்றையே பார்த்தோம்.

“என் சீட்டுல நீங்க போங்கண்ணே” என்றான் அவன், சட்டென்று. “பேரை மாத்திக் கேப்போம். நான் அடுத்த வருசம் போயிக்கறேன்.”

அவன் மனதாரச் சொன்னான், அது எனக்குத் தெரிந்தது. என் மனைவியின் கண் கலங்கியது. அவனுக்காகத்தான் கலங்கியது, எனக்காக இல்லை. அவன் விட்டுக்கொடுத்த இடத்தில் பதினோரு நாள் உட்கார்ந்து, பதினோரு நாளும் அவன் பெருமையைக் கேட்டுக்கொண்டு வர என்னால் முடியாது.

“எனக்கு முழங்கால் வலி. அவ போயிட்டு வரட்டும்” என்றேன்.

“முந்தாநாள் வரைக்கும் இல்லாத வலி” என்றாள் அவள். அதற்கு மேல் கெஞ்சவில்லை. அவள் பெயரை நானே தட்டினேன், ஒரே விரலால், அவனைத் தொடவிடாமல்.

ஆடியில் அக்காவும் தங்கையும் சகலையும் போனார்கள். அவளைக் கூட்டிப்போகப் பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு வந்து, அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டவன் அவன்தான். நான் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுவர்க் கடிகாரங்களை இன்றுவரை மாற்றவில்லை. கணினி மட்டும் அவன் வைத்த மணியில் ஓடுகிறது.

இரண்டு பேருக்கென்று முப்பத்தேழாயிரத்து நானூற்று முப்பத்தாறு ரூபாய் எடுத்துவைத்திருந்தேன். செலவானது பதினெட்டாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு ரூபாய்.